ஆமாம் சொன்ன எலி

"இந்த டிசம்பர் நம் நகரத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கும். பாலேவுக்கு முன், பாலேவுக்குப் பின். டான்யூப் நதி ஒரு கணம் நின்று நம் அரங்கத்தைத் திரும்பிப் பார்க்கும்."

எங்கள் பல்கேரிய நகரத்து இசை நாடக அரங்கத்தின் இயக்குநர் அஸ்பாருக் ஷிஷ்கோவ் இப்படி அறிவித்தபோது கேட்க இரண்டு பத்திரிகையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். இன்னொருவர் அறிவிப்பு முடியும்வரை சாண்ட்விச் தட்டின் பக்கத்தைவிட்டு அசையவில்லை. நதி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

எந்த பாலே என்று இருவருமே கேட்கவில்லை. டிசம்பரில் உலகத்தில் இருப்பதே ஒரு பாலேதான். ஒரு வீட்டில் விருந்து, வளர்ந்துகொண்டே போகும் மரம், ஒரு சிறுமி, தகர வீரர்கள், எலிகள், பனி, கடைசியில் மிட்டாய். எங்கள் அரங்கத்திலும் அந்த மரம் ஆண்டுதோறும் வளரும். பாதியில் சிக்கிக்கொள்ளும். மேடைக்குப் பின்னால் கயிறு இழுப்பவர்கள் திட்டுவது முதல் வரிசைவரை கேட்கும். குழந்தைகள் அந்தச் சொற்களை மனப்பாடமாக வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த நிகழ்ச்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இந்த முறை எல்லாம் புதிது என்றார் ஷிஷ்கோவ். புது உடை, புது எலித்தலை, பெல்ஜியத்திலிருந்து வரவழைத்த புது நடன அமைப்பாளர். மரம் மட்டும் பழையது. மரத்தை மாற்றும் துணிச்சல் எந்த ஆட்சிக்கும் இருந்ததில்லை.

மெத்தோடி சான்கோவும் பழையவர். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் எலியாக மேடை ஏறினார், இன்னும் இறங்கவில்லை. எலி வேடத்தில் பெரிய வளர்ச்சிக்கு இடமில்லை. கூட்டமாக வர வேண்டும், வாலைச் சுழற்ற வேண்டும், தகர வீரர்களின் பீரங்கி வெடித்ததும் செத்து விழ வேண்டும், விளக்கு அணைந்ததும் எழுந்து ஓட வேண்டும். பிற மாதங்களில் அவர் ஒப்பராக்களில் ஈட்டி பிடித்து நின்றார், மீனவர்களில் ஒருவராக வலை இழுத்தார். ஆனால் ஊர் குடும்பத்தோடு அரங்கத்துக்கு வருவது டிசம்பரில்தான். டிசம்பரில் அவருக்கு முகம் கிடையாது.

அவருடைய மகள் நெவெனா சின்னவளாக இருந்தபோது ஒவ்வோர் ஆண்டும் அம்மாவோடு இரண்டாவது வரிசையில் உட்காருவாள். வீடு திரும்பியதும் முதல் கேள்வி அதுதான். "அப்பா, எந்த எலி நீ?" அவள் கைதட்டிய எலி ஒரு தடவைகூட அவராக இருந்ததில்லை. பக்கத்து வீட்டு ஆசாமியாக இருந்தது, ஒருமுறை ஒரு பெண்ணாகக்கூட இருந்தது. முதலில் சிரித்தார்கள். பிறகு நெவெனா கேட்பதை நிறுத்தினாள். பிறகு வருவதை நிறுத்தினாள். பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும்போல ஜெர்மனிக்குப் போனாள். ஹம்பர்க்கில் செவிலி வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே யானா பிறந்தாள். அம்மா இறந்தபோது இரண்டு நாள் வந்துவிட்டுப் போனாள்.

இந்த ஆண்டு நெவெனா யானாவோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். மெத்தோடிக்கு இதுதான் கடைசிப் பருவம், வசந்தத்தில் ஓய்வு. பேத்தி அவரை மேடையில் பார்க்க இருக்கிற ஒரே டிசம்பர்.

எல்லாம் கூடிவந்தது போலத்தான் இருந்தது. சிறுமிக்குப் பொம்மையைக் கொண்டுவந்து கொடுக்கும் ஞானத்தகப்பன் வேடம் காலியாக இருந்தது. அதைச் செய்துவந்த பழைய நடிகர் இடுப்பெலும்பை மாற்றிக்கொண்டு தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த வேடத்துக்குக் குதிக்க வேண்டியதில்லை. கறுப்பு மேலங்கி, உயரத் தொப்பி, கைவிரல், கண், புருவம் இருந்தால் போதும். முக்கியமாக, முகம் தெரியும்.

உடைப்பகுதித் தலைவி வெலிச்காவுக்குத்தான் இது முதலில் தெரிந்தது. தையல் அறைக் கண்ணாடி முன்னால் மெத்தோடி நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்குற?"

"இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கு. பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா இருக்கு. இந்தா, சீஸ் வெச்ச பனிட்சா. காலையில சுட்டது."

"வேணாம்."

"எடுத்துக்கோ."

"இப்பதான் சாப்பிட்டேன் வெலிச்கா, வேணாம்."

"எடுக்குறியா, ஊசியால குத்தவா?"

மெத்தோடி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் முதல் தடவை கேட்டதும் சரி என்பவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்பவனுக்கு வயிறு சரியில்லை என்று பொருள்.

"அந்த ஞானத்தகப்பன் வேஷத்த நீ கேட்டா என்ன?" என்றாள் வெலிச்கா. "திரைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, எலி உடம்போட, அந்தாளு செய்யுறதயெல்லாம் நீ செஞ்சு பாக்குறத நான் எத்தன வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

"கேக்குறதா? அவங்களா பாத்து கூப்பிட்டா சரி."

"கூப்பிட்டா?"

"கூப்பிட்டா என்ன செய்யுறது, போக வேண்டியதுதான்" என்றார் மெத்தோடி. காது சிவந்துவிட்டது.

பெல்ஜியத்துக்காரர் பெயர் யோஸ்ட். மெலிந்த, உயரமான, எதையும் ரசிக்கத் தயாராக இருந்த மனிதர். எல்லோரும் அவரை மாயெஸ்ட்ரோ என்றார்கள். ஷிஷ்கோவ் 'உலகப்புகழ் மாயெஸ்ட்ரோ' என்றார். மாயெஸ்ட்ரோவுக்கு ஒரு கொள்கை இருந்தது: வாய் பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது. முதல் நாள் குழுவினரை வட்டமாக உட்காரவைத்து, மொழிபெயர்ப்பாளர் இஸ்க்ரா மூலமாக அதைச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு வாய் தேவைப்பட்டது, இஸ்க்ராவின் வாயும் தேவைப்பட்டது. அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

அன்றைக்கு இரவு வரவேற்பு விருந்தில் ஷிஷ்கோவ் அவருக்கு ராக்கியா ஊற்றிக்கொடுத்து ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். "எங்க ஊர் தலை உலகத்துத் தலை மாதிரி இல்ல, மாயெஸ்ட்ரோ. ஆமாம்னா இடமும் வலமும் ஆட்டுவோம். மேலும் கீழும் போச்சுன்னா இல்லைன்னு அர்த்தம்." மாயெஸ்ட்ரோவுக்கு இது பிரமாதமாகப் பிடித்துப்போயிற்று. உடம்பிலேயே ஒரு மொழி! விருந்து முடிவதற்குள் தேறிவிட்டார். இன்னொரு கிளாஸ் வேண்டுமா என்றபோது இடமும் வலமும் ஆட்டினார், கிடைத்தது. மறுபடி ஆட்டினார், மறுபடி கிடைத்தது.

ஷிஷ்கோவ் சொல்ல மறந்தது ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர் எதிரில் நிற்கும்போது நாங்கள் மரியாதைக்காக எங்கள் தலையை மாற்றிக்கொள்வோம். அவர்கள் குழம்பக் கூடாதே என்று, அவர்கள் ஆட்டுகிற மாதிரியே ஆட்டுவோம்.

மாயெஸ்ட்ரோ மெத்தோடியைக் கண்டுபிடித்தது ஒரு நவம்பர் பிற்பகல். ஒத்திகை இடைவேளை. இஸ்க்ரா சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தாள். திரையின் மடிப்புக்குள் நின்று, இல்லாத கடிகாரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்து, இல்லாத குழந்தையைப் பார்த்து மெத்தோடி புருவத்தை உயர்த்திக்கொண்டிருந்தார். மாயெஸ்ட்ரோ பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் போய், நாற்காலியில் கிடந்த கறுப்பு மேலங்கியையும் தொப்பியையும் எடுத்துவந்தார். அங்கியைக் காட்டினார். மெத்தோடியைக் காட்டினார். கேள்வியாகப் பார்த்தார். இஸ்க்ராவைக் கூப்பிட்டிருக்கலாம், கதவுக்கு வெளியேதான் நின்றாள். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

 வாயால் கேட்டிருந்தால் மெத்தோடி வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியிருப்பார். கையால் கேட்டபோது அந்த மரியாதையெல்லாம் நினைவுக்கு வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக முதல் தடவையே சம்மதித்தார். பெல்ஜியத்து மனிதருக்குச் சந்தேகமில்லாமல் புரியட்டும் என்று, தலையை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, நிதானமாக, ஆழமாக ஆட்டினார்.

மாயெஸ்ட்ரோ அவருடைய தோளைத் தட்டினார். கண்ணில் வருத்தம் தெரிந்தது. மெத்தோடி அதை உருக்கம் என்று நினைத்தார்.

அன்று சாயங்காலமே ஹம்பர்க்குக்கு போன் போட்டார். "நெவெனா, இந்த வருஷம் தேட வேண்டியதில்ல. உங்கப்பனுக்கு மூஞ்சி உண்டு."

மறுநாள் காலை முழுக்குழுவும் மேடையில் கூடியது. ஷிஷ்கோவ் நடுவில் வந்து நின்றார். காபி கேட்டாலும் அறிக்கை வாசிப்பதுபோல் கேட்கிற மனிதர் அவர்.

"நண்பர்களே! உலகப்புகழ் மாயெஸ்ட்ரோ நேத்து நம்ம மெத்தோடி அண்ணனுக்கு ஞானத்தகப்பன் வேஷத்தக் கொடுத்தாரு. அண்ணன் என்ன செஞ்சாரு தெரியுமா? பணிவோட மறுத்துட்டாரு! எலிகளோட இருந்தே ஓய்வு பெறணும்னு ஆசைப்படுறாரு. இதுதான் கலைஞன்! கைதட்டுங்க! இப்ப, மேடையக் காலியா விட முடியாது. மாயெஸ்ட்ரோவும் நானும் ஊர்ல ஒருத்தரையும் விடாம யோசிச்சுப் பாத்தோம். கடைசியில, வேற வழியே இல்லாம, அந்தப் பாரத்த நானே சுமக்குறதா ஒத்துக்கிட்டேன்."

ஷிஷ்கோவ் பதவிக்கு வருமுன் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் கிராமிய நடனம் ஆடியிருக்கிறார். அந்தப் பாரத்தைச் சுமக்க அன்று காலையே புது ஷூ போட்டு வந்திருந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். மெத்தோடியும் தட்டினார். கூட்டம் கலைந்ததும் வெலிச்கா அவரைப் பிடித்து இழுத்தாள்.

"மறுத்தியா நீ? பைத்தியமா உனக்கு?"

"நான் மறுக்கல."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"அவருக்கு என்னப் பிடிக்கல போல. ராத்திரி யோசிச்சிருப்பாரு. வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லாம, நானே மறுத்ததா சொல்லி மரியாதையா முடிச்சுட்டாரு. நல்ல மனுஷன். அதப் போய் கிளறணுமா?"

"உன் மரியாதையில தீய வெக்க" என்றாள் வெலிச்கா.

ஹம்பர்க்குக்கு மறுபடி போன் போட வேண்டியிருந்தது. எலிகளுக்கு ஆள் போதவில்லை, அனுபவசாலி இல்லாமல் முடியாதென்று கெஞ்சினார்கள், விட்டுக்கொடுத்துவிட்டேன் என்றார். மறுமுனையில் நெவெனா, "சரிப்பா" என்றாள். யானா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் பல்கேரியச் சொற்களை ஜெர்மன் மூக்கால் பேசுவாள்.

"தாத்தா, எந்த எலி நீ?"

மெத்தோடி இந்தக் கேள்விக்கு இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட ஒழுங்கான பதில் தயாரிக்காமல் இருந்தது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"கேளு, கண்ணு. நான் மேடைக்கு முன்னாடி வந்து நிப்பேன். உன்னப் பாத்து, தலையாலயே ஆமாம்னு சொல்லுவேன். ஆமாம் சொல்ற எலி யாரோ, அதுதான் தாத்தா."

"ஆமாம் சொல்ற எலி" என்று யானா திருப்பிச் சொன்னாள்.

புது எலித்தலைகள் டிசம்பர் தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. குடும்பப் பார்வையாளர்களுக்குக் கடைசி வரிசையிலிருந்தும் எலி எலியாகத் தெரிய வேண்டும் என்பது மாயெஸ்ட்ரோவின் கட்டளை. ஒவ்வொன்றும் ரொட்டி அடுப்பு அளவுக்கு இருந்தது. உள்ளே வெலிச்கா கம்பளித் துணி திணித்து, அவரவர் தலைக்குப் பொருத்தினாள். பிளாமென் தலைக்கு மட்டும் எவ்வளவு திணித்தும் நிற்கவில்லை. பிளாமென் குழுவிலேயே நன்றாகக் குதிக்கிறவன், சிறிய தலை. அவன் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் எலித்தலை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது.

"அக்கா, இது நான் சொல்றத கேக்க மாட்டேங்குது. எல்லாத்துக்கும் இல்ல இல்லங்குது."

"அப்ப உனக்கு டைரக்டர் ஆபீஸ்ல வேல கிடைக்கும், போ" என்றாள் வெலிச்கா.

அரங்கேற்றத்துக்கு முதல்நாள் முழு உடை ஒத்திகை. வாசலில் ஷிஷ்கோவின் முகம் சுவரொட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கின் நிழலில் டிக்கெட் வரிசை நின்றது. அவரது வயிற்றுக்கேற்ப மேலங்கியை இரண்டு தடவை பிரித்துத் தைத்திருந்தார்கள். திரை ஓரத்தில் மெத்தோடி, எலித்தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன்னை அறியாமலே அந்தக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாயெஸ்ட்ரோ அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு ஏதோ சொன்னார். வெலிச்கா பக்கத்தில் இருந்தாள். "என்ன சொல்றாரு?" என்று இஸ்க்ராவைக் கேட்டாள்.

"எவ்வளவு நல்லா செய்யுறாரு, ஏன் மறுத்தாருன்னே தெரியலங்குறாரு."

"யாரு மறுத்தா? அவன் எப்படி மறுத்தான்னு கேளு."

இஸ்க்ரா கேட்டாள். மாயெஸ்ட்ரோ பெருமையோடு, ஊர் மொழி தெரிந்தவராக, தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார்.

வெலிச்கா கையிலிருந்த ஊசிமெத்தையைத் தரையில் அறைந்தாள். "கடவுளே! அவன் உங்களுக்காக உங்க தலைய ஆட்டுனான்யா! நீங்க எங்க தலைய வெச்சுப் புரிஞ்சுக்கிட்டீங்க!"

இஸ்க்ரா மொழிபெயர்த்து முடித்ததும் மாயெஸ்ட்ரோவின் முகம் வெளுத்தது. அவரை இதற்காகப் பாராட்ட வேண்டும். கொள்கை உள்ளவர்கள் பொதுவாக இந்த இடத்தில் கொள்கைக்கு விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள். அவர் கையைத் தட்டி ஒத்திகையை நிறுத்தினார். மேடைக்கு ஏறினார். மெத்தோடியைக் கையைப் பிடித்து நடுமேடைக்கு அழைத்துவந்தார். அங்கே மேலங்கியோடும் தொப்பியோடும் ஷிஷ்கோவ் நின்றுகொண்டிருந்தார்.

இஸ்க்ரா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க. தலைய ஆட்ட வேணாம், வாயால சொல்லுங்க, வாய்ச்சொல்லத்தான் நம்பப்போறேன். இந்த வேஷம் உங்களுக்கு வேணுமா?"

ஷிஷ்கோவ் மேலங்கியின் கழுத்துப் பட்டையை அவிழ்க்கப் போகிறவர்போல் தொட்டார். "தாராளமா, அண்ணே. ஒரு வார்த்த சொல்லுங்க, இந்த நிமிஷமே கழட்டிக் கொடுத்துடறேன்" என்றார். விரல்கள் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன.

வாத்தியக் குழியில் கருவிகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். எலிகள் தலையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தன. மெத்தோடி மாயெஸ்ட்ரோவைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஊரே பார்க்க, இன்னொருவர் உடம்பில் கிடக்கும் உடையை, கேட்டதும் கொடு என்று கை நீட்டுவதா? அவருடைய அம்மா அவரை அப்படி வளர்க்கவில்லை.

"பரவாயில்ல" என்றார். "வேணாம்."

மேடையிலிருந்த ஒவ்வொருவருக்கும் அது முதல் வேண்டாம் என்று தெரியும். குழியில் பஸூன் குழல் வாசிக்கிற மனிதர் இரண்டாவது கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மெத்தோடியும் அதற்காகத்தான் நின்றார். முகத்தை இலேசாக உயர்த்தி, அடுத்த வேண்டாமை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு, அதற்கடுத்து வரப்போகிற சரியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு.

இஸ்க்ரா நல்ல மொழிபெயர்ப்பாளர். வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே மொழிபெயர்த்தாள். மாயெஸ்ட்ரோ மார்பில் கைவைத்துத் தலைகுனிந்தார். இந்த முறை சொல்லை நம்புவதென்று வாக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டாவது தடவை கேட்க வேண்டும் என்பது ஷிஷ்கோவுக்குத் தெரியும். அவர் வீட்டில் விருந்தாளிகளை மூன்று தடவை என்ன, ஐந்து தடவை கேட்பார். "கேட்டீங்களா! வாயாலயே சொல்லிட்டாரு!" என்று கூவினார். குழியை நோக்கிக் கையை வீசினார். "இசை!"

"இன்னொரு தடவ கேளுங்கய்யா!" என்று வெலிச்கா கத்தினாள். அது பெருமுரசின் ஒலியில் அமுங்கிப் போயிற்று.

ஒத்திகை முடிந்ததும் அவள் மெத்தோடியை விடவில்லை. "இப்பவே போ. ஓட்டல்லதான் இருப்பாரு. எனக்கு வேணும்னு சொல்லு. ரெண்டே வார்த்த."

"நானே போயி எப்படி..."

"நானே போயிதான்!"

"பாக்கலாம்" என்றார் மெத்தோடி. ஓட்டல் அவர் வீட்டுக்குப் போகும் வழியில்தான் இருந்தது. எதிர்ச்சாரியில் நடந்து போனார். அந்த நடையை அவர் அதற்குப் பிறகும் பல தடவை மனத்துக்குள் நடந்து பார்த்ததாக வெலிச்காவிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சாலையைக் கடந்திருக்கிறார், அன்றைக்குத் தவிர.

அரங்கேற்றம் பிற்பகல் காட்சி. பனிமனிதனாகவும் முயலாகவும் உடுத்திய குழந்தைகள், அவர்களைத் துரத்துகிற அம்மாக்கள், சூரியகாந்தி விதை கொறிக்கிற அப்பாக்கள் என்று அரங்கம் நிறைந்திருந்தது. மேயர் பேசினார். ஷிஷ்கோவ் மேலங்கியோடு வந்து பேசினார். வரலாறு இரண்டாகப் பிரிவதை அவர் விளக்கி முடிப்பதற்குள் மூன்று குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது.

மரம் வளர்ந்தது, வழக்கமான உயரத்தில் நின்றது, வழக்கமான சொற்கள் கேட்டன. பிறகு ஒரு குலுக்கு குலுக்கி மேலே போனது. போகும்போது ஒரு கிளை ஞானத்தகப்பனின் மேலங்கியைக் கழுத்துக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டது. அன்றைய நிகழ்ச்சியில் கால்விரல் நுனியில் அதிக நேரம் நின்றவர் ஷிஷ்கோவ்தான். குழந்தைகளுக்கு அதுவே மிகவும் பிடித்த காட்சி.

எலிகள் வந்தன. இரண்டாவது வரிசையில், விமான நிலையத்திலிருந்து நேராக அரங்கத்துக்கு வந்திருந்த நெவெனாவின் மடியிலிருந்து யானா எழுந்து நின்றாள். அவர்களுக்குப் பின்னால், சுவரோரமாக வெலிச்கா நின்றிருந்தாள்.

ஓர் எலி கூட்டத்திலிருந்து பிரிந்து மேடையின் விளிம்புக்கு வந்தது. இரண்டாவது வரிசையைத் தேடியது. கண்டுபிடித்தது. அந்தப் பெரிய தலையை இடமும் வலமும், இடமும் வலமும் மெதுவாக, அன்பாக ஆட்டியது.

"அந்த எலி இல்ல இல்லங்குது" என்றாள் யானா. "அது தாத்தா இல்ல."

பெல்ஜியத்து மனிதருக்காகத் தலையை மாற்றிக்கொள்ளத் தெரிந்த மெத்தோடிக்கு, பேத்திக்காக மாற்றிக்கொள்ளத் தோன்றவேயில்லை. சொந்தப் பேத்தியை எப்படி வெளிநாட்டுக்காரி என்று நினைப்பார்?

அப்போது பிளாமென் பீரங்கியைத் தாண்டிக் குதித்தான். இறங்கிய வேகத்தில் அவனுடைய எலித்தலை மேலும் கீழும், மேலும் கீழும், நிறுத்தாமல் ஆடியது.

"ஆமாம் எலி! அம்மா, ஆமாம் எலி! தாத்தா!" யானா இரண்டு கைகளையும் வீசினாள். "எவ்ளோ உயரம் குதிக்கிறாரு பாரும்மா!"

நெவெனாவும் கைதட்டினாள். ஹம்பர்க் அவளுடைய தலையையும் மாற்றியிருந்தது. விளிம்பில் நின்ற எலி இன்னும் கொஞ்சநேரம் இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தது. பீரங்கி வெடித்தது. அது செத்து விழுந்தது.

இரண்டாம் பாதியில், மிட்டாய்கள் ஆடிக்கொண்டிருந்தபோது, நெவெனா திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள் என்கிறாள் வெலிச்கா. அந்தப் பாதியில் எலிகள் இல்லை.

நிகழ்ச்சிக்குப் பிறகு முன்கூடத்தில் குழந்தைகள் எலிகளோடு படம் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஷிஷ்கோவின் யோசனை. மற்ற எலிகள் தலையோடு வந்தன. மெத்தோடி மட்டும் தலையைத் தையல் அறையில் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவி, முடியைச் சீவிக்கொண்டு வந்தார். யானா அவருடைய கையின் கீழே புகுந்து அவரைத் தாண்டி ஓடிப்போய் பிளாமென் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தாத்தா!"

பிளாமென் தடுமாறினான். தலை மேலும் கீழும் ஆடியது. யானா இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவன் திணறிப்போய்த் தலையைக் கழற்றினான். யானா அண்ணாந்து பார்த்தாள், கைகளை எடுத்துக்கொண்டாள்.

"நீ தாத்தா இல்ல." கீழுதடு பிதுங்கியது. "அப்ப எந்த எலி?"

மெத்தோடி பின்னாலிருந்து வந்து குனிந்தார். யானா போனில் பார்த்த முகம்தான். அவள் அவரையும் பிளாமென் கையிலிருந்த தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். நெவெனா அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது.

"அது நான்தான் கண்ணு" என்றார் மெத்தோடி. "தலைய இவன்கிட்ட பிடிச்சுக்கச் சொல்லிட்டு மூஞ்சி கழுவப் போனேன்."

பிளாமென் வாயைத் திறந்தான். வெலிச்கா அவனுடைய வாலை மிதித்தாள்.

"பீரங்கியத் தாண்டிக் குதிச்சியே! முட்டி வலிக்கலயா, தாத்தா?"

"வலிக்கல."

"இனிமே எல்லா வருஷமும் வரலாமா, அம்மா?"

நெவெனா, "பாக்கலாம்" என்றாள். அது அப்பாவிடமிருந்து வந்த சொல்.

"அப்ப போட்டுக்காட்டு" என்றாள் யானா. "ஆமாம் சொல்லு. படம் எடுக்கணும்."

"மூஞ்சியோட ஒண்ணு எடுத்துக்கலாமே" என்றாள் நெவெனா.  "அப்பா, மொதல்ல மூஞ்சியோட ஒண்ணு."

"இல்ல! எலி!"

மெத்தோடி வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தலையை வாங்கி மாட்டிக்கொண்டார். யானாவை இடுப்பில் தூக்கிக்கொண்டார். மேலும் கீழும், தெளிவாக, ஹம்பர்க்கில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். நெவெனா படம் எடுத்தாள். இன்னொன்றும் எடுத்தாள்.

அவர்கள் புத்தாண்டுக்கு மறுநாள் திரும்பிப் போனார்கள். மெத்தோடி வசந்தத்தில் ஓய்வு பெற்றார். ஷிஷ்கோவ் பிரிவு உபசார உரை ஆற்றினார். அதில் எலிகளின் பணிவைப் பற்றி நீண்ட பகுதி ஒன்று இருந்தது. நெவெனா ஒரு முறை போனில், அந்த விளிம்பில் நின்ற எலியைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும் என்று தொடங்கினாள். மெத்தோடி ஹம்பர்க்கில் மழையா என்று கேட்டார்.

படம் அவர்கள் சமையலறையில், குளிர்பெட்டிக் கதவில், காந்தத்தால் ஒட்டியிருக்கிறது. யாராவது வந்தால் யானா அதைக் காட்டி, இதுதான் எங்கள் தாத்தா என்கிறாள்.

அதில் தெரிகிற தலை பிளாமெனுடையது.